இடது பக்கத்து முக்கோணக் கண்ணாடி

என் மனைவிக்குக் குளிரூட்டிய கார் ஆகாது. ஏறிய சற்று நேரத்தில் முகம் வெளுக்கும், பேச்சு குறையும், பிறகு கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பை வெளியே வரும். எங்கள் பழைய ஜப்பான் காரில் மட்டும் அவளுக்கு ஒன்றும் செய்ததில்லை. அதன் முன்கதவுகளில், ஏற்றி இறக்கும் பெரிய கண்ணாடிக்கு முன்னால், தனியே திறக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று உண்டு. கொக்கியைத் தள்ளித் திருப்பினால் வெளிக்காற்று நேராக முகத்தில் வந்து அடிக்கும். இடது பக்கத்துக் கண்ணாடியைத் தனக்கு வேண்டிய கோணத்தில் வைத்துக்கொண்டு, கேமரன் மலை வளைவுகளை எல்லாம் அவள் கடலை கொறித்தபடி கடந்திருக்கிறாள்.

பிறகு கார் நின்றுபோனது. ஓய்வு பெற்றவனுக்கு ஏற்ற சின்ன ஆட்டோ கியர் கார் ஒன்று வாங்கினேன். மகளுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் முதல் பிரசவம் வந்தது. என் மனைவி மூன்று மாத விசாவில் போனாள். விசாவைப் புதுப்பித்தார்கள். இரண்டாவது பிள்ளையும் பிறந்தது. இடையில் ஒரு முறை ஊருக்கு வந்தவளை அந்தச் சின்னக் காரில் தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். போகும்போதும் வரும்போதும் பை நிறைந்தது. திரும்பப் புறப்பட்ட நாளில், விமான நிலையத்து வாசலில் நின்று சொன்னாள்:

"அந்தப் பழைய கார ஓட வைங்க. நான் வாரேன். இந்த டப்பாவுல இனிமே ஏற மாட்டேன்."

விமான நிலையத்தில் எல்லோரும் எதையாவது சொல்வார்கள். ஆனால் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அரசாங்க அலுவலகக் கவுண்டர் முகப்பு ஒன்றில் உட்கார்ந்து வாகனப் பதிவு பார்த்தவன். அதற்கு முன் என் அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணி, கணக்குப்பிள்ளை. விடியலில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கணக்கு வைத்தவர். ஒருவர் நிபந்தனை சொன்னால் என் காதுக்கு அது நிபந்தனையாகத்தான் விழும். நிபந்தனை நிறைவேறினால் விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். எங்கள் ஊரான ஈப்போவுக்குத் திரும்பும் வழியிலேயே அவளுடைய சொல்லை மனத்துக்குள் கோப்பில் வைத்துவிட்டேன்.

பெர்த்துக்கும் ஈப்போவுக்கும் ஒரே நேரம். தூரத்தில் மனைவி இருப்பவர்களுக்கு, அங்கே இப்போது ராத்திரி, தூங்கிக்கொண்டிருப்பாள் என்ற ஆறுதலாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. நான் காலைத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும்போது அவளும் கொதிக்கவைக்கிறாள். நான் மதியம் ஒற்றைத் தட்டைக் கழுவும்போது அவள் அங்கே யாருடைய தட்டையோ கழுவுகிறாள். ஒரே கடிகாரத்தில் இரண்டு வீடுகள் ஓடுகின்றன.

போர்ட்டிக்கோவில் துணி போர்த்தி வைத்திருந்த காரை முதலில் ஈப்போவில் ஒரு நவீன பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பானட்டைத் திறந்து, கையில் வைத்திருந்த கருவியின் ஒயரைப் பிடித்தபடி எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல ஸ்கேனர் சொருவுற ஓட்டையே இல்லலா. ஸ்க்ராப்புக்குக் குடுத்திருங்க."

அடுத்த பட்டறை அவ்வளவு நேர்மையானது அல்ல. பல வாரங்கள் காரை வைத்திருந்து, புது கார்பரேட்டர் என்று ஒரு போலியைப் பூட்டி அனுப்பினார்கள். கோப்பெங் சாலையில் கார் இருமி, தும்மி, ஒரு பெட்ரோல் நிலையத்தின் வாசலில் உயிரை விட்டது. உடைந்துபோயிருந்த இடது முக்கோணக் கண்ணாடியை இணையத்தில் தேடினேன். பக்கத்து வீட்டில் புல் வெட்டும்போது தெறித்த கல்லால் உடைந்தது அது. படத்தில் அழகாக இருந்த ஒன்றை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் வலது பக்கத்துக் கண்ணாடி. விற்றவரைக் கூப்பிட்டேன்.

"திருப்பிப் போட்டுப் பாருங்கண்ணே," என்றார்.

புகார் கொடுக்கும் வழி எனக்குத் தெரியாததல்ல. எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த மாடி, எந்த அலுவலர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல மனநிலையில் இருப்பார் என்பது வரை தெரியும். ஆனால் புகாரால் கண்ணாடி வராது, காகிதம்தான் வரும். அதை நானே நிறைய அனுப்பியிருக்கிறேன்.

கடைசியில் முன்னாள் சக ஊழியர் ஒருவர் ஒரு வாட்ஸ்அப் புலனக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். பழைய கார் வைத்திருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிம்பாங் பூலாயில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றின் முன்னால் கார்களை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். நான் சின்னக் காரில் போய்ச் சற்றுத் தள்ளி நிறுத்தினேன். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். என் காரின் ஆண்டு, வகை எல்லாம் சொல்லிவிட்டு, முகப்பில் பேசும் தெளிவான குரலில் கேட்டேன்: "இடது முன்கதவு முக்கோணக் கண்ணாடி யாரிடமாவது இருக்கிறதா? என்ன விலை?"

ஒருவர் பருப்பு வடை இன்று சின்னதாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னொருவர் அதை விரிவாக ஆமோதித்தார். கூட்டம் கலையும்வரை பேச்சு வடையிலேயே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, கமுந்திங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். குழுவை நடத்துபவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"மொத நாளே வெல கேக்கக்கூடாதுண்ணே."

"ஏன்?"

"கேக்குறவன் புரோக்கரு. இங்க வந்து சிரிச்சுப் பேசி வாங்கிட்டுப் போயி கோலாலம்பூர்ல ரெண்டு மடங்குக்கு வித்துட்டான் ஒருத்தன். அதுலேர்ந்து பழக்கம். வாரவங்க வரட்டும், டீ குடிக்கட்டும், வண்டியக் காட்டட்டும். சாமான் வேணும்னா அதுவா வரும்."

"அதுவா எப்படி வரும்?"

"வரும்லா."

எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு விதியை நான் படித்ததில்லை. விண்ணப்பிக்கக் கூடாது, விண்ணப்பிக்காமல் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முகப்பு இல்லை, எண் அட்டை இல்லை, அழைப்பவர் இல்லை. என் முகப்பின் எதிரே வியர்த்துக்கொண்டு நின்றவர்களுக்காவது என்ன கொண்டுவரவில்லை என்று நான் சொல்லி அனுப்பினேன்.

ஆனாலும் ஞாயிறுதோறும் போனேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம். தேநீர் குடித்தேன். மற்றவர்களுடைய பானட்டுக்குள் குனிந்து பார்த்து, புரிந்தாலும் புரியாவிட்டாலும் "ம்" என்றேன். பேச்சோடு பேச்சாக அவர்களுக்குக் காகிதத் தொல்லை வந்தால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பழைய கார்க்காரர்களில் பாதிப் பேருடைய கார் இன்னும் செத்துப்போன அப்பாவின் பேரில்தான் ஓடுகிறது. பெயர் மாற்ற எங்கே தொடங்க வேண்டும், எங்கே தொடங்கினால் மாட்டிக்கொள்வார்கள் என்பதை நான் சொல்லச் சொல்ல, கமுந்திங்காரர் என் கோப்பையை அவரே நிரப்பச் சொன்னார்.

"அண்ணே, நீங்க வேலையில இருந்தப்ப இதெல்லாம் சொன்னீங்களா?"

"கேட்டவர்களுக்குச் சொன்னேன்."

"நான் கேட்டேன். 'நெக்ஸ்ட்'னு சொன்னீங்க."

மேசை முழுவதும் சிரித்தது. எனக்கு அவர் முகம் நினைவில் இல்லை. ஆனால் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை.

கமுந்திங்காரர் முதல் நாள் சொன்னபடியே சாமான் அதுவாக வந்தது. செமோருக்கு உள்ளே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்ட இடத்தில், இடிந்த ஸ்டோர் கொட்டகைக்குப் பின்னால் என் கார் வகையே ஒன்று சக்கரம் வரை புதைந்து கிடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்தவர் வாங்கியது. குழுவில் ஒருவருக்குத் தெரிந்த அவர் மகன் இப்போது அடுக்கு வீட்டில் இருக்கிறார். காரைக் கழிக்கலாம் என்றால் காகிதம் அப்பா பேரில். அதனால் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார்.

"காகிதத்த நீங்க முடிச்சுக் குடுங்க. கண்ணாடி என்னா, கதவே எடுத்துக்குங்க," என்றார்.

முடித்துக் கொடுத்தேன். இரண்டு அலுவலகம், ஒரு சத்தியப் பிரமாணம். என் பழைய முகப்பில் இப்போது உட்கார்ந்திருப்பவர் என்னை அடையாளம் தெரியாமல், புகைப்பட நகல் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார். சரியான முடிவுதான். நானும் அனுப்பியிருப்பேன்.

கண்ணாடியைக் கழற்றப் போன அன்று கமுந்திங்காரர் செமோரிலிருந்து ஒரு சீனரை அழைத்துவந்தார். தோட்டத்து லாரிகளைப் பழுது பார்த்த பட்டறையில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், தன்னைப் பற்றி இன்னும் நன்றாகப் பேசுவார். எல்லோரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி என்றார்கள். தெரிந்தவர் அழைத்து வராமல் யாருடைய காரையும் தொடமாட்டாராம்.

"பேராக் மாநிலத்துலயே இந்த வேலைக்கு நான் ஒரு ஆளுதான்லா," என்று சொல்லிக்கொண்டே சோப்புத் தண்ணீர் ஊற்றி, நூலை விட்டு இழுத்துக் கண்ணாடியை முழுசாக எடுத்தார். கண்ணாடி நன்றாக இருந்தது. சுற்றியிருந்த ரப்பர் பட்டை கையில் மாவாக உதிர்ந்தது. புதுப் பட்டை தாய்லாந்திலிருந்துதான் வர வேண்டும் என்றார். ரப்பர் மரத்துக்கு நடுவே பிறந்து, ரப்பர் சம்பளத்தில் படித்தவன், ஒரு முழ ரப்பருக்காகப் பல வாரம் காத்திருந்தேன்.

கார் தவுக்கேயின் பட்டறைக்குப் போனது. போலி கார்பரேட்டரைக் கழற்றி, மோந்து பார்த்து, குப்பையில் எறிந்தார். குழுவில் ஒருவர் பழைய அசலைக் கொடுத்தார். இன்னொருவர் பிரேக் சாமான் கொடுத்தார். யாரும் விலை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு முன்னேறியிருந்தேன். கண்ணாடி பூட்டி முடிந்த அன்று தவுக்கே சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்து, சீராக முணுமுணுத்தது. நான் இடது பக்கம் போய் நின்று கொக்கியைத் தள்ளி அந்தக் கண்ணாடியை மட்டும் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"வர்ர ஞாயிறு எறக்கிறலாம்ணே," என்றார் கமுந்திங்காரர்.

குழுவில் அது ஒரு வழக்கம். பழுது பார்த்து முடிந்த காரை முதலில் பழைய சாலை ஓரத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய், சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி இறக்குவார்கள். சொந்தக்காரர் ஓட்ட வேண்டும். இடது பக்கத்து இருக்கையில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இடது பக்கம் காலியாக இறக்கக்கூடாது.

"என் வீட்டு ஆள் பெர்த்தில் இருக்கிறாள்," என்றேன்.

"தங்கச்சி, அக்கா யாராச்சும்?"

"இல்லை."

"அப்ப ஒரு பூசணிக்காய வச்சு பெல்ட் போட்டுறலாம்," என்றார் வடைக்காரர் என்று நான் மனத்துக்குள் பெயர் வைத்திருந்தவர்.

"வழக்கம் என்றால் வழக்கம்," என்றேன். "அவள் வரட்டும். அதுவரை இறக்க வேண்டாம்."

சாங்கியத்தில் எனக்கு அப்படி ஒன்றும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஒரு விதி எனக்கு வசதியாக இருந்தது. அவள் வர வேண்டும் என்று நான் கேட்க முடியாது. நான் கேட்டால் அது கெஞ்சல். முனியாண்டி கேட்டால் அது முறை.

அன்றைக்கே கூப்பிட்டேன்.

"வண்டி ரெடி."

"ஓடுச்சா?"

"ஓடும்."

"ஓடும்னா? ஓடுச்சா இல்லையா?"

"ஸ்டார்ட் ஆச்சு. நீ வந்து பக்கத்துல உக்காந்தாத்தான் எறக்கணும்னு ஒரு முறை இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஏதோ கேட்டு அழுதது. அவள் அதைச் சமாதானம் செய்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"ஓடுனா வாரேன்னு நான் சொன்னேன். வந்தா ஓடும்னு நீங்க சொல்றீங்க. இது எந்த ஆபீஸ் வேலை? அந்தச் சீட்டு இருந்தாத்தான் இந்தச் சீட்டு, இந்தச் சீட்டு இருந்தாத்தான் அந்தச் சீட்டுன்னு ஆளுங்கள அலைய விட்டீங்களே, அத எங்கிட்டயே காட்டுறீங்களா?"

அவள் சொன்னது வரைமுறைப்படி சரி.

"வைக்கிறேன். சின்னவன் நான் ஊட்டுனாத்தான் சாப்புடுறான்," என்றாள்.

வாரங்கள் போயின. கார் தவுக்கேயின் பட்டறையில் நின்றது. அவர் இரண்டு முறை செய்தி அனுப்பினார். மூன்றாவது முறை அவரே ஒட்டுக்கடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, உன் வண்டி இன்னிக்கு ஸ்டார்ட் ஆகல. கார்பரேட்டர் உள்ள பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டிக்கிச்சு. நான் மறுபடி கழுவிட்டேன். ஆனா நீ ஓட்ட மாட்டே, நிக்க வைப்பேன்னு சொன்னா நான் எதுக்கு ரிப்பேர் பண்ணணும்? நின்னா வண்டி கெடும்லா. ஓடுற வண்டிக்குத்தான் நான் பொறுப்பு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கமுந்திங்காரர் மட்டும் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அக்கா என்னாண்ணே சொல்றாங்க?" என்றார் மெதுவாக.

"ஓடினால் வருவாளாம்."

"அப்ப ஓட்டுங்கண்ணே."

"இடது பக்கம்?"

"முனியாண்டிக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒவ்வோர் அலுவலகத்திலும் சிறப்பு அனுமதி என்று ஒன்று உண்டு. விதி ஒருவரை எந்தப் பக்கமும் நகரவிடாமல் செய்யும்போது தலைமை அலுவலர் தன் பொறுப்பில் கொடுக்கலாம். வேலையில் இருந்தவரை நான் யாருக்கும் அதைப் பரிந்துரைத்தது கிடையாது. அடுத்த ஞாயிறு எனக்கு அதைக் கொடுத்தார்கள். கமுந்திங்காரர் கோயிலில் சுருட்டு ஒன்று கூடுதலாக வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அக்கா வரட்டும், அப்பறம் இன்னொரு தடவ எறக்குறோம், கோவிச்சுக்காத," என்று உரக்கச் சொன்னார். பழங்கள் நசுங்கின. நான் தனியாக ஓட்டிக்கொண்டு பழைய சாலையில் ஏறினேன். பின்னால் அவர்களுடைய கார்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன.

வழிநெடுகச் செம்பனை. நடுநடுவே புது வீடமைப்புப் பகுதிகளின் நுழைவு வளைவுகள். இடது பக்கம் திரும்பி எதையாவது காட்ட வேண்டும் போல இரண்டு மூன்று முறை தோன்றியது. காட்ட ஒன்றும் பெரிதாக இல்லை; ஒரு புது மேம்பாலம், மூடிவிட்ட ஒரு கோழிக்கடை. அதைக்கூட ஒருவரிடம் சொன்னால்தான் அது மூடியதாக ஆகும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன்.

"ஓடுச்சு," என்றேன்.

"எங்க வரைக்கும்?"

"சுங்கை சிப்புட் போய்த் திரும்பினேன்."

"தனியாவா?"

"ஆமா."

சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது.

"டிசம்பர்ல இங்க ஸ்கூல் லீவு. வாரேன். ஆனா லீவு முடிஞ்சதும் போயிருவேன். அது தெரிஞ்சிட்டுச் சொல்லுங்க. வரட்டுமா?"

முழுசாகக் கேட்டால் பாதி கிடைக்கும் என்று எத்தனையோ விண்ணப்பதாரர்களுக்கு நான் விளக்கியிருக்கிறேன். அதைக் கேட்டு நின்ற அவர்களின் முகங்கள் எனக்கு அப்போது விளங்கியதில்லை.

"வா," என்றேன்.

நின்றால் கெடும் என்பதால் இப்போது தினமும் காலையில் காரை எடுக்கிறேன். போன வாரம் செமோர்ப் பக்கம் போகும்போது, பழைய தோட்டத்து முச்சந்தியில் பேருந்துக்கு நின்ற ஓர் அம்மாள் கையைக் காட்டினார். சந்தைச் சாமானோடு பாசார் பை இரண்டு, அதில் ஒன்றில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். அவர் முன்கதவின் பிடியில் கை வைத்தார்.

"பின்னால ஏறிக்குங்கம்மா," என்றேன்.

"ஏன் தம்பி? முன்னுக்கு யாராச்சும் வாராங்களா?"

"வீட்டுல வாராங்க."

அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"எங்க நிக்கிறாங்க?"

"வெளியூர்ல இருக்காங்கம்மா. டிசம்பர்லதான் வாராங்க."

அந்த அம்மாள் பின்கதவைத் திறந்து, பைகளை முதலில் வைத்து, தானும் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கார் நகர்ந்து சற்று தூரம் போன பிறகு சொன்னார்:

"டிசம்பருக்கு இப்பவே எடம் புடிச்சு வச்சிட்டீங்களா, தம்பி?"